கிரேக்கப் பொன்மொழிகள்: எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்?

"மாற்றத்தின் ரகசியம் பழையதோடு மல்லுக்கட்டுவதில் இல்லை, புதியதைக் கட்டுவதில் இருக்கிறது" என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு வாசகம், தாடி வைத்த சிலையின் படத்தோடு இணையமெங்கும் சுற்றுகிறது. சொன்னவர் பெயர் சாக்ரடீஸ்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அவர் ஏதென்ஸ்காரர் அல்ல. டான் மில்மன் என்ற அமெரிக்கர் 1980இல் வெளியிட்ட நூலில் வரும் பெட்ரோல் பங்க் ஊழியர் அவர். "நாம் திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அதுவே நாம்" என்று அரிஸ்டாட்டில் பெயரில் வருவது, வில் டூரண்ட் 1926இல் அரிஸ்டாட்டிலை விளக்கும்போது எழுதிய சொந்த வாக்கியம். "போரின் முடிவைக் கண்டவர்கள் இறந்தவர்கள் மட்டுமே" என்பது பிளேட்டோவிடம் எங்கும் இல்லை. ஜார்ஜ் சாந்தயானா 1922இல் எழுதியது அது.

மேற்கோள் படங்களை இப்படி ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன? நிறைய. பழைய உலகமே இந்தப் பேச்சுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், தொகுப்புகள் பல, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. டெல்ஃபி கோயிலின் கட்டளைகள், தத்துவஞானி ஹெரக்ளிட்டஸின் துணுக்குகள், வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க்கின் பெயரில் உள்ள ஸ்பார்ட்டர் பேச்சுகள், டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதிய தத்துவஞானிகளின் வரலாறு, எபிக்டெட்டஸின் கையேடு. இந்த ஐந்தில் ஒன்றை முதலில் எடுக்க வேண்டுமென்றால் எது? தவறான ஒன்றில் தொடங்கி நாலு பக்கத்தில் அலுத்துப்போய், கிரேக்கர்களையே மூடி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இது கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டிய முடிவுதான்.

எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. சொன்ன வாய்க்கும் எழுதிய கைக்கும் நடுவே எவ்வளவு காலம்? சொன்ன இடமும் சந்தர்ப்பமும் வாக்கியத்தோடு கூடவே வந்திருக்கின்றனவா? முதல் கேள்விதான் முக்கியம் என்று பலர் நினைப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

காரணம் சொல்கிறேன். "கடவுளர் யாரை நேசிக்கிறார்களோ அவன் இளமையிலேயே இறக்கிறான்." மெனாண்டர் என்ற ஏதென்ஸ் நாடகக்காரரின் வரி. அற்பாயுளில் போனவர்களுக்கான ஆறுதலாக நூற்றாண்டுகளாக எடுத்தாளப்பட்ட வரி இது. அந்த நாடகம் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ரோமாபுரியின் பிளாட்டஸ் அதைத் தழுவி லத்தீனில் எழுதிய நகைச்சுவை நாடகம் இருக்கிறது. அதில் இந்த வரியைச் சொல்பவன் ஒரு அடிமை. சொல்வது தன் கிழட்டு முதலாளியைப் பற்றி. அடுத்த வரியில், எந்தக் கடவுளாவது இந்த ஆளை நேசித்திருந்தால் இவர் பத்து வருஷம், இருபது வருஷம் முன்னாலேயே செத்திருக்க வேண்டும் என்கிறான். ஆறுதல் மொழி என்று நினைத்தது வசவாகிவிட்டது. சந்தர்ப்பம் இல்லாத பொன்மொழியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் டெல்ஃபிதான் முதலில் அடிபட்டுப் போகிறது. அப்போலோ கோயிலின் முன்மண்டபத்தில் "உன்னை அறி", "எதுவும் அளவு மீற வேண்டாம்" என்ற வாசகங்கள் இருந்ததைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்த வழியாக வந்த பௌசானியஸ் எழுதியிருக்கிறார். அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாவது கட்டளை "ஜாமீன் நின்றால் கேடு பக்கத்தில்". தத்துவம் பேசுகிறவர்கள் இந்த மூன்றாவதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எனக்கு மூன்றிலும் பிடித்தது அதுதான். யாருக்கோ கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஒருவரின் வயிற்றெரிச்சல் அதில் தெரிகிறது. இந்த மூன்றுக்கு அப்பால், ஸ்டோபேயஸ் என்ற பிற்காலத் தொகுப்பாளர் வழியாக 140க்கும் மேற்பட்ட கட்டளைகள் கொண்ட நீண்ட பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது. கடவுளைப் பின்பற்று, சட்டத்துக்குக் கீழ்ப்படி, பெற்றோரை மதி என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல். யார் யாரிடம் எப்போது சொன்னார்கள்? ஏழு ஞானிகள் என்பார்கள். அந்த ஏழு பேர் யார் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. பிற்காலப் பட்டியல்களில் வரும் கொரிந்தின் சர்வாதிகாரி பெரியாண்டரைப் பிளேட்டோ சேர்க்கவே இல்லை, மைசன் என்ற ஒருவரை வைக்கிறார்.

ஆனாலும் டெல்ஃபிக்கு மற்ற எதற்கும் இல்லாத ஒரு பெருமை உண்டு. ஆப்கானிஸ்தானின் வடக்கு ஓரத்தில், ஆமூ தரியா கரையில், ஆய் கனூம் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஒரு கிரேக்க நகரத்தைத் தோண்டினார்கள். 1966இல் அங்கே ஒரு கல்பீடம் கிடைத்தது. கிளியர்கஸ் என்பவர் டெல்ஃபிக்குப் போய், இந்தக் கட்டளைகளைக் கவனமாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார் என்கிறது அதிலுள்ள பாட்டு. டெல்ஃபியிலிருந்து அந்த இடம் சுமார் 4,000 கிலோமீட்டர். கட்டளைகள் பொறித்த பெரிய கற்பலகை போய்விட்டது. அதில் இடம் போதாமல் பீடத்துக்கு இறங்கிய கடைசி ஐந்து வரிகள் தப்பின. சிறுவயதில் ஒழுங்காக இரு, இளமையில் தன்னடக்கத்தோடு இரு, நடுவயதில் நியாயமாக இரு, முதுமையில் நல்ல ஆலோசனை சொல், சாகும்போது வருத்தமில்லாமல் சாவு. சுவரிலோ கல்லிலோ பொறிக்க ஒரு வாசகம் தேடுகிறீர்கள் என்றால் இதைவிட நல்லது எதுவும் கிடையாது. உட்கார்ந்து படிக்க என்றால் வேண்டாம். இருபது கட்டளைக்கு மேல் யாராலும் தொடர்ந்து கேட்க முடியாது.

ஹெரக்ளிட்டஸ் இதற்கு நேர் எதிர். அவரை ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் படிக்கவே கூடாது. எபேசஸ் நகரத்துக்காரர், கி.மு. 500ஐ ஒட்டி வாழ்ந்தவர். ஒரு புத்தகம் எழுதி அர்ட்டெமிஸ் கோயிலில் வைத்தார் என்பார்கள். புத்தகம் போய்விட்டது, மற்றவர்கள் தங்கள் நூல்களில் எடுத்தாண்ட நூற்றுச்சொச்சம் துண்டுகள் மட்டும் மிச்சம். "கடல்நீர் மிகத் தூயதும் மிகக் கேடானதும், மீனுக்குக் குடிநீர், உயிர் காப்பது, மனிதனுக்குக் குடிக்க ஆகாது, கொல்வது." "கழுதைகள் தங்கத்தைவிட வைக்கோல் கூளத்தையே விரும்பும்." "நாய்கள் தமக்குத் தெரியாதவர்களைப் பார்த்துக் குரைக்கும்." தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம் போலத்தான் இருக்கும், சேர்த்து வைத்தால் தலை சுற்றும். அந்தக் காலத்திலேயே இவருக்கு இருண்டவர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

இவர் எழுத்தாளர் என்பதால், வாய்க்கும் கைக்கும் தூரமே இல்லை என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். எல்லாருக்கும் தெரிந்த அந்த ஆற்று வரியை எடுத்துக்கொள்வோம். "ஒரே ஆற்றில் இரண்டு முறை கால்வைக்க முடியாது" என்பது ஹெரக்ளிட்டஸ் சொன்னதாகப் பிளேட்டோ சுருக்கித் தருவது. ஹெரக்ளிட்டஸின் சொந்த வாக்கியமாகப் பலரும் ஏற்கும் துணுக்கு வேறு மாதிரி இருக்கிறது: "ஒரே ஆறுகளில் இறங்குகிறவர்கள்மீது வேறு வேறு நீர் பாய்கிறது." இதில் ஆறு அதே ஆறுதான், மாறுவது தண்ணீர். பிளேட்டோ தருவதில் ஆறே மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. "எல்லாம் பாய்கிறது" என்ற இரண்டு சொல் முழக்கமோ, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.பி. 6ஆம் நூற்றாண்டின் சிம்ப்ளிசியஸிடம்தான் அந்த வடிவில் கிடைக்கிறது. இன்னொரு வேடிக்கை: கிராட்டிலஸ் என்ற ஒருவர், இரண்டு முறை என்ன, ஒரு முறைகூடக் கால்வைக்க முடியாது என்று ஹெரக்ளிட்டஸையே திருத்தினாராம். கடைசியில் எதையும் சொல்வதே தப்பு என்று முடிவுகட்டி விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

துணுக்குகளின் வரிசையும் ஹெரக்ளிட்டஸுடையது அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் டீல்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றை எடுத்தாண்டவர்களின் பெயரை வைத்து, அகர வரிசையில் அடுக்கினார். நேர்மையான வேலைதான். ஆனால் அதை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை படித்து, சிந்தனை எப்படி வளர்கிறது என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் புத்தகமாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஸ்பார்ட்டர்கள். சுவையில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மாசிடோனியாவின் பிலிப் மன்னர், ஸ்பார்ட்டர்களின் நாடான லக்கோனியாவுக்குள் நான் நுழைந்தால் உங்களைத் துரத்திவிடுவேன் என்று மிரட்டிக் கடிதம் எழுதினாராம். திரும்பிப் போன பதில் ஒரே சொல்: "நுழைந்தால்." ஸ்பார்ட்டாவின் மன்னர் லியோனிடாஸின் மனைவி கோர்கோவிடம் ஒரு வெளியூர்ப் பெண், ஸ்பார்ட்டப் பெண்கள் மட்டும் எப்படி ஆண்களை அடக்கி ஆள்கிறீர்கள் என்று கேட்க, "நாங்கள் மட்டும்தான் ஆண்களைப் பெறுகிறோம்" என்றாளாம். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் ஒரு கதை உண்டு. சாமோஸ் தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு வந்து நீளமாகப் பேசினார்கள். தொடக்கம் மறந்துவிட்டது, முடிவு புரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள் ஸ்பார்ட்டர்கள். அடுத்த முறை வந்தவர்கள் வெறும் பையைக் காட்டி, "இந்தப் பைக்கு மாவு வேண்டும்" என்றார்கள். "பை என்ற சொல் அதிகம்" என்று பதில் வந்தது. உதவியும் கிடைத்தது.

புளூட்டார்க் பெயரில் ஸ்பார்ட்டர்களின் பேச்சுகளும், தனியாக ஸ்பார்ட்டப் பெண்களின் பேச்சுகளும் தொகுப்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யார், யாரிடம், எதற்காக என்பது வந்துவிடுகிறது. என் இரண்டாவது கேள்வியில் நல்ல மதிப்பெண். முதல் கேள்வியில்தான் தடுமாற்றம். பாரசீகப் படையை லியோனிடாஸும் அவர் வீரர்களும் எதிர்த்து நின்ற தெர்மோபிலே போர் கி.மு. 480இல் நடந்தது. பாரசீகர்கள் அம்பு விட்டால் சூரியனே மறைந்துவிடும் என்று டிராக்கிஸ் ஊர்க்காரன் ஒருவன் சொன்னபோது, "நல்ல செய்தி, நிழலில் சண்டை போடலாம்" என்று சொன்னவன் டியனெக்கஸ் என்ற வீரன். போருக்குச் சுமார் அரை நூற்றாண்டு கழித்து எழுதிய ஹெரோடோட்டஸ் தரும் பெயர் அது. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துப் புளூட்டார்க்கிடம் வரும்போது அதே பேச்சு லியோனிடாஸ் மன்னரின் வாயில் இருக்கிறது. சிப்பாயின் நகைச்சுவை ராஜாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயுதங்களைக் கீழே போடச் சொன்ன பாரசீக மன்னனுக்கு லியோனிடாஸ் சொன்னதாக இன்று டி-ஷர்ட்டில் அச்சடிக்கிறார்களே, "வந்து எடுத்துக்கொள்" என்று, அதுவும் ஹெரோடோட்டஸிடம் இல்லை, புளூட்டார்க்கிடம்தான் இருக்கிறது.

இதற்காகப் புளூட்டார்க்கைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இதெல்லாம் தெரியும். "முடிவு தெரியாமல் யாரையும் பாக்கியசாலி என்று சொல்லாதே" என்று லிடியாவின் குரோசஸ் மன்னரிடம் ஏதென்ஸின் சட்டம் இயற்றிய சோலோன் சொன்ன கதையை எழுதும்போது, இருவரும் சந்தித்திருக்கவே முடியாது என்று காலக்கணக்குப் போடுகிறவர்கள் இருப்பதை அவரே குறிப்பிடுகிறார். ஆனால் இவ்வளவு பேர் சாட்சி சொல்லும், சோலோனின் குணத்துக்கு இவ்வளவு பொருந்தும் ஒரு கதையைக் காலப்பட்டியலுக்காகத் தூக்கிப்போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். இந்த ஒரு பத்தியைப் படித்தவர்கள் அதற்கப்புறம் கிரேக்க மேற்கோள்களை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தானாகவே பிடித்துக்கொள்வார்கள். ஸ்பார்ட்டர் தொகுப்பில் என் குறை வேறு: எல்லாரும் ஒரே அச்சு. எல்லாரும் தைரியசாலி, எல்லாரும் சுருக்கப் பேச்சுக்காரர், தோற்றவன் கிடையாது. அந்த ஊரின் வயலை உழுத ஹெலட் அடிமைகளின் வாயிலிருந்து நறுக்கென்று ஒரு பதில் வர நாம் பக்கம் பக்கமாகக் காத்திருக்க வேண்டியதுதான். தினமும் பத்துப் பக்கம் படித்தால் இனிக்கும், ஐம்பது படித்தால் திகட்டும்.

இனி டயோஜெனிஸ் லேர்ஷியஸ். கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்காரர் என்பது பொதுவான கணிப்பு. தேலீஸிலிருந்து எபிக்யூரஸ் வரை தத்துவஞானிகளின் வாழ்க்கையைப் பத்துப் புத்தகங்களாக எழுதினார். ஆழமான மனிதர் அல்ல. அவருடைய கவிதைகள் இன்னும் மோசம். ஒவ்வொரு ஞானியும் எப்படிச் செத்தார் என்று ஒரு பாட்டு எழுதி இடையிடையே செருகிவிடுகிறார், தாண்டிப் போய்விடலாம். ஆனால் வதந்தி, கடிதம், உயில், வசை, நகைச்சுவை என்று கைக்குக் கிடைத்த எதையும் விடாமல் சேர்த்த ஆள். எபிக்யூரஸின் மூன்று கடிதங்களும் நாற்பது முதன்மைக் கோட்பாடுகளும் நமக்கு இருப்பதே இவர் முழுதாக நகல் எடுத்து வைத்ததால்தான்.

ஆறாம் புத்தகத்தில் சினோப் ஊர் டயோஜெனிஸ் வருகிறார். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. வெயில் காய்ந்துகொண்டிருந்தவரிடம் அலெக்சாந்தர் வந்து என்ன வேண்டும் கேள் என்றபோது, வெயிலை மறைக்காமல் நில் என்றவர். பட்டப்பகலில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு மனிதனைத் தேடுகிறேன் என்று திரிந்தவர். மனிதன் என்பவன் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ வரையறுத்ததும், ஒரு சேவலின் இறகைப் பிய்த்து எடுத்து வந்து "இதோ பிளேட்டோவின் மனிதன்" என்றார். அதற்குப் பிறகு "அகன்ற நகங்கள் உள்ள" என்று வரையறையில் சேர்க்க வேண்டி வந்ததாம். சிலையிடம் கையேந்தி நின்றவரை ஏன் என்று கேட்டால், "இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பழகுகிறேன்" என்றார். வேலை தேடுகிறவர்கள், எழுதி அனுப்புகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒன்று போதும்.

லேர்ஷியஸ் சொல்வதெல்லாம் நடந்ததா? சினோப் டயோஜெனிஸுக்கும் அவருக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுக்கு மேல். ஆனால் லேர்ஷியஸிடம் ஒரு நல்ல குணம், முரண்படும் கதைகளை இழைத்துச் சமன் செய்வதில்லை. பாருங்கள்: இரண்டாம் புத்தகத்தில் டயோஜெனிஸ் கீரை கழுவிக்கொண்டிருக்கிறார். அந்த வழியே வந்த அரிஸ்டிப்பஸ் என்ற தத்துவஞானியிடம், "இதைத் தின்னக் கற்றிருந்தால் நீ ராஜாக்களின் வாசலில் நிற்க வேண்டியதில்லை" என்கிறார். "மனிதர்களோடு பழகக் கற்றிருந்தால் நீ கீரை கழுவ வேண்டியதில்லை" என்று அரிஸ்டிப்பஸ் திருப்புகிறார். வெற்றி அரிஸ்டிப்பஸுக்கு. ஆறாம் புத்தகத்தில் அதே கீரை, ஆனால் எதிராளி பிளேட்டோ. பேச்சைத் தொடங்குவதும் பிளேட்டோதான். சிரக்கூஸின் சர்வாதிகாரி டயோனிசியஸை அண்டியிருந்தால் கீரை கழுவ வேண்டாமே என்கிறார். கீரை கழுவியிருந்தால் டயோனிசியஸை அண்ட வேண்டாமே என்று முடித்துவிடுகிறார் டயோஜெனிஸ். இன்னும் ஒரு ஜோடிக்கும் இதே கதை அதே நூலில் உண்டு. யார் கட்சி கதை சொல்கிறதோ அந்தக் கட்சிக்குக் கடைசி வார்த்தை. இதைத் தொகுப்பாளர் திருத்தி ஒன்றாக்கியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது.

எபிக்டெட்டஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இன்று எல்லா விமான நிலையக் கடையிலும் இருக்கிறார். அடிமையாகப் பிறந்து, நிக்கோபோலிஸ் நகரத்தில் தத்துவப் பள்ளி நடத்தியவர். தானே எதுவும் எழுதவில்லை; மாணவர் அர்ரியன் எடுத்த குறிப்புகள்தான் இருப்பவை. வாய்க்கும் கைக்கும் தூரம் ஒரு வகுப்பறை அளவு. இந்த ஐந்தில் முதல் கேள்விக்குச் சிறந்த பதில் இவரே. "மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, நிகழ்ச்சிகளைப் பற்றிய அவர்கள் கணிப்பு" என்பது கையேட்டின் ஐந்தாம் பகுதி. மனசு சரியில்லாத நேரத்தில் உடனே உதவும் வரிகள் வேண்டும் என்றால் நேராக இங்கே வரலாம். ஆனால் கையேடு சுருக்கம். வகுப்பில் அவர் மாணவர்களைத் திட்டுவதும் கிண்டலடிப்பதும் அதில் கழிந்துபோயின. அவை நீண்ட உரைகளில் இருக்கின்றன. எட்டு இருந்ததில் நாலு புத்தகம் தப்பியிருக்கிறது, கையேட்டைவிட அதுதான் நல்லது.

ஹிப்போகிராட்டஸ் பெயரில் உள்ள மருத்துவச் சூத்திரங்களை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. "வாழ்க்கை குறுகியது, கலை நெடியது" என்ற முதல் வரி அங்கிருந்து வருவதுதான். ஆனால் அந்தக் கலை மருத்துவம், ஓவியமோ சங்கீதமோ அல்ல. அடுத்த வாக்கியமே நோயாளியும் உடனிருப்பவர்களும் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்கிறது. மெனாண்டரின் ஒற்றை வரிகள் அகர வரிசைத் தொகுப்பாகவும் உண்டு. அவையும் சந்தர்ப்பம் கழன்றவை. அவருடைய வரி ஒன்று நமக்கு வேறு வழியில் ஏற்கெனவே தெரியும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது எடுத்தாண்டதால், "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று தமிழ் வேதாகமத்தில் அது இருக்கிறது. நகைச்சுவை நாடக வசனம் என்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறோம்.

சரி, என் முடிவு. புதிதாக வருகிறவர் லேர்ஷியஸின் ஆறாம் புத்தகத்தை எடுக்கட்டும், முதல் புத்தகத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்க வேண்டாம். காட்சியும் இருக்கிறது, வேடிக்கையும் இருக்கிறது, நம்பகம் எவ்வளவு என்பதை அவரே காட்டிக்கொடுத்தும் விடுகிறார். ஆங்கிலத்தில் ஹிக்ஸ் 1925இல் செய்த மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேடையில் பேசுகிறவர்களும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்களும் ஸ்பார்ட்டர் தொகுப்பை முதலில் எடுக்கலாம். லியோனிடாஸ் பெயரில் எதையாவது சொல்லும் முன் ஹெரோடோட்டஸின் ஏழாம் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். ஹெரக்ளிட்டஸ் இரண்டாம் வருஷத்துக்கு. அவரை வாங்கும்போது ஒவ்வொரு துணுக்கும் யாருடைய நூலில், எந்த விவாதத்தின் நடுவில் வந்தது என்று காட்டும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வரிகளை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக அச்சடித்த அழகுப் பதிப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.